எருமைக்கு உண்டு, எனக்கு இல்லை

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன் நான், பொறுத்துப் படியுங்கள்.

தருமபுரியிலிருந்து பாப்பிரெட்டிப்பட்டி போகிற பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் வயதான ஒரு புருஷனும் பெண்சாதியும் இருந்தார்கள். வாதத்தில் அவருக்கு இடது கையும் காலும் பாதி விழுந்திருந்தன. இன்சூரன்ஸ் ஆபீசில் விசாரித்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள்.

“நம்ம லோன் எருமைக்கு அடிச்ச மாதிரி எனக்கும் காதுல இன்சூரன்ஸ் நம்பர் கம்மல் அடிச்சிருக்கணும் புள்ள” என்றார் அவர்.

“மெல்லப் பேசுங்க, பஸ்ஸே சிரிக்குது.”

“பின்ன என்ன? லோன் எருமை எந்திரிக்காமப் படுத்துட்டாப் பணம் உண்டாம். நான் படுத்துட்டாக் கிடையாதாம். என் பாலிசியில நான் செத்தாத்தான் பணமாம்.”

“அந்தப் பேச்சு வேணாங்க.”

“வாதம் இன்னொரு தடவ வந்தா படுக்கைதான்னு டாக்டரு சொல்லிட்டாரு. அந்தப் பணத்துல ஒரு ஆள் வெச்சுக்கலாம்னு நெனச்சேன். இனி யாரு என்னைப் பாக்கறது?”

“ஆள் வெச்சு, எவளோ உங்களக் குளிப்பாட்டறத நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா? அந்த ஆசை வேறயா?”

அவர் சிரித்துவிட்டார். “உன் இடுப்பு தாங்குமா புள்ள?”

“தாங்காதுங்க. திட்டிக்கிட்டேதான் பாப்பேன்.”

“திட்டாமப் பாக்க ஏதாச்சும் பாலிசி இருக்குதா?”

“இல்லீங்க.”

வளைவில் பஸ் திரும்பியபோது அவருடைய விழுந்த கை சீட்டிலிருந்து நழுவியது. அந்தம்மா அதை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். இறங்கும்வரை விடவில்லை.

எழுதிய நாள்: 14-2-1987.