துணியின் முன்பக்கம்

ரெனிட்டா: நான் சொல்றதை முதல்ல கேளு சந்துரு. அந்த ஆள் நடந்தே காட்டினார்!

சந்துரு: எந்த ஆளு? கயித்தை விட்டுடாதே, திரைத் துணி விழுந்துரும்...

ரெனிட்டா: உன் முடிச்சுதான் அவிழுது. சாஃப்ட்வேர்காரனுக்கு ஒரு கயிறு கட்டத் தெரியல.

சந்துரு: சரி சரி, சொல்லு. யாரு?

ரெனிட்டா: ஹடப்சர்ல கரும்பு ஜூஸ் கடைக்காரர். அப்பாவைப் பாத்தேன்னு காலைல போன் பண்ணினார். நானும் அம்மாவும் ஆட்டோ பிடிச்சு ஓடினோம். "உங்க அப்பா முந்தாநாள் இந்தப் பக்கமாத்தான் போனார்"னு சொல்லி, கடையை விட்டு இறங்கி ரோட்டுல அப்படியே நடந்து காட்டினார் சந்துரு! காலை இழுத்துக்கிட்டு, தடியை ஊனி... எனக்கு அழுகையே வந்திருச்சு.

சந்துரு: ஆன்ட்டி என்ன சொன்னாங்க?

ரெனிட்டா: அம்மாவா? எனக்கு ஒரு ஜூஸ் வாங்கிக் குடுத்தாங்க.

சந்துரு: ம்... எந்தக் காலை இழுத்தாரு?

ரெனிட்டா: என்னது?

சந்துரு: நடந்து காட்டினார்னியே. எந்தக் காலு?

ரெனிட்டா: வலது. தடி இடது கைல.

சந்துரு: உங்க அப்பாவுக்குப் பக்கவாதத்துல வராதது இடது கால்தானே? இடது கைதானே தூக்க முடியாது?

ரெனிட்டா: அரே, எதிர்ல நின்னு பாத்திருப்பார். குழம்பியிருப்பார்.

சந்துரு: வானவடி ஏரியால ஒரு அம்மா அவரைப் பாத்தேன்னாங்களே. அவங்க?

ரெனிட்டா: அவங்க... வலது கை சும்மா தொங்கிட்டு இருந்துச்சுன்னாங்க. வயசானவங்க, தப்பா சொல்றாங்கன்னு நினைச்சேன். ஏன் மூஞ்சியை இப்படி வெச்சிருக்கே?

சந்துரு: நீ இங்கயே இரு. நான் துணிக்கு முன்பக்கம் போறேன். உங்க அப்பா நடக்கிற படத்தைப் போடு.

ரெனிட்டா: முன்பக்கமா? நாம எப்பவும் பின்னாடிதானே நிப்போம்...

சந்துரு: அதனாலதான். போடு.

ரெனிட்டா: போட்டாச்சு! தெரியுதா?

சந்துரு: ரெனிட்டா, இங்க வா.

ரெனிட்டா: புரொஜக்டர் சூடாயிருச்சா? திங்கட்கிழமை ஆபீஸ்ல திருப்பி வைக்கலைன்னா உன் வேலை போயிரும்னு சொன்னே...

சந்துரு: அதெல்லாம் இல்ல. வந்து பாரு.

ரெனிட்டா: அப்பா ஏன் தடியை இடது கைல வெச்சிருக்கார்?

சந்துரு: நீ கூடவே நடந்து, உன் நிழல் அவர் பக்கத்துல விழணும்னுதானே பின்னாடியிருந்து படம் விடுறோம். அப்படி விட்டா முன்னாடி இருக்கிறவங்களுக்கு இடம் வலமா மாறித் தெரியும். மெஷின்ல திருப்பிப் போடணும். நான் போடல.

ரெனிட்டா: இத்தனை நாளாவா?

சந்துரு: உங்க அப்பாவைத் தேடிப் போட்ட முதல் ஷோலருந்து. உன் போன் நம்பரைப் படத்துல எழுதியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். தனியா போர்டுல எழுதி வெச்சோம்...

ரெனிட்டா: அப்போ அந்த ஜூஸ் கடைக்காரர்...

சந்துரு: போன சனிக்கிழமை அவர் கடைக்கு எதிர்லதானே ஷோ போட்டோம். அவர் பாத்தது உங்க அப்பாவை இல்ல. இந்தப் படத்தைத்தான்.

ரெனிட்டா: பொய் சொன்னாரா?

சந்துரு: இல்ல. பாத்த முகம் மனசுல நின்னிருக்கு. எங்க பாத்தோம்கிறது மறந்து போச்சு. பாவம், உதவத்தான் போன் பண்ணியிருக்காரு.

ரெனிட்டா: வானவடி அம்மாவும் அப்படித்தானா?... அப்போ யாருமே பாக்கல. ஒருத்தர்கூட நிஜ அப்பாவைப் பாக்கல.

சந்துரு: ரெனிட்டா...

ரெனிட்டா: தெருக்கலையில புதுசுன்னு பேப்பர்ல எழுதினாங்க. ஜனங்க கை தட்டினாங்க. நானும் அந்த நிழலோட கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்தேன், மடச்சி மாதிரி!

சந்துரு: தப்பு என்னோடது. இப்பவே திருப்பிடறேன். இனிமே வர்ற போனெல்லாம்...

ரெனிட்டா: அம்மாகிட்ட மட்டும் சொல்லாதே.

சந்துரு: மறைக்கச் சொல்றியா?

ரெனிட்டா: இந்த போன்களை நம்பித்தான் அம்மா உயிரோட இருக்காங்க. அப்பாவுக்குப் பாதி ஞாபகம்தான்னு தெரிஞ்சும் நான்தான் அன்னைக்குக் கதவைப் பூட்டாம கடைக்குப் போனேன். அம்மா ஒரு வார்த்தை கேக்கல. அவங்ககிட்ட போய், இதுவரைக்கும் எல்லாமே நம்ம படம்தான்னு எப்படிச் சொல்லுவேன்?

சந்துரு: மெதுவா பேசு. ஆன்ட்டி வர்றாங்க.

மில்ட்ரெட்: ஏட்டி, ரெண்டு பேரும் ஏன் முன்னால வந்து நிக்கிய? சனம் கூடிட்டு.

ரெனிட்டா: ஒண்ணும் இல்லம்மா. நீ போய் உக்காரு.

சந்துரு: சின்னதா ஒரு செட்டிங்குங்க ஆன்ட்டி. ரெண்டு நிமிசம்.

மில்ட்ரெட்: தடியை வலது கைக்கு மாத்தப் போறியளாக்கும்?

சந்துரு: ஆன்ட்டி, உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?

மில்ட்ரெட்: முதல் நாளே பாத்தேன். வராத கையில தினமும் சட்டை மாட்டி விட்டவளுக்கு, எந்தக் கைன்னு தெரியாதா?

ரெனிட்டா: தெரிஞ்சும் ஏம்மா சொல்லல? வானவடிக்கு வந்தே, ஹடப்சருக்கு வந்தே, ஒவ்வொரு போனுக்கும் என்கூடவே ஓடி வந்தே!

மில்ட்ரெட்: உன்னைத் தனியா எப்படி விட?

ரெனிட்டா: அன்னைக்கே சொல்லியிருந்தா சரி பண்ணியிருப்போம். யாராவது நிஜமாவே அப்பாவைப் பாத்திருப்பாங்க! இந்தக் குளிர்ல, பசியோட, எங்கேயோ நடந்துக்கிட்டு இருக்கார்ம்மா...

மில்ட்ரெட்: நடக்கல மக்கா.

ரெனிட்டா: என்ன சொல்றே?

மில்ட்ரெட்: தம்பி, அந்த மிஷினைக் கொஞ்சம் அமத்து.

ரெனிட்டா: அம்மா... என்ன சொல்றே நீ?

மில்ட்ரெட்: அப்பா காணாமப் போன மறுவாரமே, கோர்படி ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் தண்டவாளத்துல கெடந்தாவன்னு ரயில்வே போலீஸ் வந்து கூப்பிட்டாங்க. நானும் பாஸ்டரும் போய் உடலை அடையாளம் சொல்லி, அன்னைக்கே அடக்கம் பண்ணிட்டோம். நீ அப்போ சுவரைப் பாத்துப் படுத்தே கெடந்தே, பச்சத் தண்ணி எறங்கல. சொன்னா நீயும் போயிருவேன்னு பயந்துட்டேன். இந்தத் துணியைக் கட்டணும்னுதான்ட்டி நீ எந்திரிச்சே.