தூக்கினால்தான் திறக்கும் கேட்

இது இப்படித்தான் முடியும் என்று நான் முன்கூட்டியே சொன்னவன் என்பதை முதல் வரியிலேயே பதிவு செய்துகொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் எல்லாவற்றையும் காவல் நிலைய எழுத்தர் மேலே குறித்துக்கொண்டார். வயது ஐம்பத்தெட்டு, பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். தொழில், அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பது. தெருவில் ரேடியோ மாமா என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். படிப்பு எட்டாம் வகுப்பு. ஒன்பதாம் வகுப்பை ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன். நான் பத்து வார்த்தை சொன்னால் எழுத்தர் நாலு வார்த்தை எழுதுகிறார், மீதியை விழுங்கிவிடுகிறார். ஆகவே என் கைப்படவே எழுதித் தருகிறேன்.

நான் என் அக்கா வீட்டு மாடி அறையில் குடியிருக்கிறேன். கீழே அக்காவும் அவள் மகளும் இருக்கிறார்கள். அத்தான் இறந்து பல வருடம் ஆகிறது. மகளுக்கு வயது இருபது, கல்லூரியில் படிக்கிறாள். நான் அவளுக்குத் தாய்மாமன், அவளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்ததே நான்தான். நான் ஒரு மந்திரியோடு லிஃப்டில் மாட்டிக்கொண்டேன் என்று சொன்னால், "மந்திரி மட்டுமா, அவர் யானையும் கூட இருந்துச்சே மாமா, மறந்துட்டீங்களா?" என்பாள். அப்படிப்பட்ட பெண் போன மழைக்காலத்திலிருந்து கல்லூரிக்குப் போகாமல், தலை வாராமல், சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். நான் மந்திரியை ராஜாவாக்கிச் சொல்லிப் பார்த்தேன், "ம்" என்றாள். யானையையும் நானே ஏற்றிப் பார்த்தேன், அதற்கும் "ம்". அந்தச் சுவருக்குக் கிடைத்த மரியாதைகூட எனக்குக் கிடைக்கவில்லை என்பதைப் பதிவு செய்யவும்.

அதன் பிறகு அவள் கல்லூரியிலிருந்து ஓர் ஆராய்ச்சிப் பொண்ணு வந்தாள். இப்போது உங்கள் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். இளையவர்களுக்கும் பெரியவர்களுக்கும் வரும் மனச்சோர்வும் பதற்றமும் ஒரே வீட்டுக்குள் எப்படி இருக்கின்றன என்று ஆராய்கிறார்களாம். வீட்டுக்கு ஓர் இளையவர், ஒரு பெரியவர், இருவரிடமும் தனித்தனியாகப் பேசுவார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்ல மாட்டார்கள். இதில் சேர்ந்தால் மகளுக்கு விட்டுப்போன வருகைப்பதிவு திரும்பக் கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி அக்கா சம்மதித்தாள். பெரியவர் என்ற பதவி எனக்கு வந்தது.

நான் இதை ஒரு பரீட்சை என்றே எடுத்துக்கொண்டேன். எங்கள் வீடு முதலிடம் வர வேண்டும் என்பது என் எண்ணம். தூக்கம் எப்படி என்று கேட்டாள். கும்பகர்ணனே என்னிடம் டியூஷனுக்கு வர வேண்டும் என்றேன். எதிலாவது ஆர்வம் குறைந்திருக்கிறதா என்று கேட்டாள். "எனக்கா? என்னைப் பாத்தா பக்கத்து வீட்டு நாய்கூட வாலாட்டும்" என்றேன். பதற்றம் பற்றிக் கேட்டபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. லிஃப்டில் மாட்டியவர்களை இத்தனை வருடம் வெளியே எடுத்தவன் நான். உள்ளே இருப்பவன் நீதிபதியானாலும் பால்காரனானாலும் கதவைத் தட்டிக்கொண்டு ஒரே வார்த்தைதான் சொல்வான், "கதவைத் திறங்க." கடவுளைக்கூட அதன் பிறகுதான் கூப்பிடுவான். இதையெல்லாம் விளக்கமாகச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், இவ்வளவு கதையில நீங்க ஒரு தடவைகூடச் சோர்ந்துபோகலையே, அதுதான் எனக்கு இடிக்குது" என்றாள். மூன்று தம்ளர் காபி குடித்துவிட்டுச் சொல்கிற பேச்சா இது?

அதன் பிறகு நான் மாடிப்படி இறங்கி, மகளுக்கும் நான் சொன்ன பதில்களையே சொல்லிக்கொடுத்தேன். கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்று சொல், முகத்தைச் சிரித்தாற்போல் வை, குடும்ப மானம் உன் கையில் இருக்கிறது என்றேன். "ம்" என்றாள். அடுத்த முறை வந்தபோது ஆராய்ச்சிப் பொண்ணு அவளிடம் பேசி முடித்து வெளியே வந்து, என்னிடம் எதுவும் சொல்லாமல் அக்காவிடம் நேராகப் போனாள். உள்ளே அவர்கள் பேசியது, அறைக்கு வெளியே நின்றிருந்த எனக்கும் கேட்டிருந்தது. மகள் சுவரைப் பார்த்தபடியே, குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல், "என்னைப் பாத்தா பக்கத்து வீட்டு நாய்கூட வாலாட்டும்" என்று சொல்லியிருந்தாள்.

அக்காவிடம் அவள், "இதுக்கு மேல இது ஆராய்ச்சி இல்லம்மா. நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, தள்ளிப்போடாதீங்க" என்றாள். அக்கா, "சோம்பேறித்தனத்துக்கு எந்த ஊர்ல டாக்டர் இருக்கான்? நீ துருவித் துருவிக் கேட்டுத்தான் எம்பொண்ணு இப்படி ஆனா" என்று சொல்லி அவளை வெளியே அனுப்பிவிட்டாள். அதன் பிறகு என்னைப் பார்த்து, "டேய், இனிமே அவ வந்தா கேட்டைத் திறக்காதே. திறந்தேன்னா நீயும் பெட்டியைத் தூக்கிட்டு அவ பின்னாடியே போயிடு" என்றாள்.

அந்த இரும்புக் கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் கீல் இறங்கிப்போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டது. இடது தோளை அடியில் கொடுத்துத் தூக்கினால்தான் திறக்கும். அது என் பேச்சைத் தவிர வேறு யார் பேச்சையும் கேட்காது. "ஊர் லிஃப்டையெல்லாம் சரி பண்றான், வீட்டுக் கேட்டைச் சரி பண்ணத் துப்பில்லை" என்று அக்கா தினமும் திட்டுவாள். அவள் பின்வாசல் வழியாகத்தான் போய்வருவாள். ஆராய்ச்சிப் பொண்ணை வெளியே அனுப்பிய பிறகு அக்கா பின்வாசலைப் பூட்டிச் சாவியைக் கையோடு எடுத்துப்போக ஆரம்பித்தாள்.

சம்பவத்தன்று காலை அக்கா வேலைக்குப் போன பிறகு நான் மாடியில் மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தேன். ஒரு வாடகைக் கார் வாசலில் வந்து நின்றது. எட்டிப் பார்த்தேன், ஆராய்ச்சிப் பொண்ணு. நான் புலி போல் படியிறங்குவதற்குள் அவள் எங்கள் பெண்ணின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். பெண் என்னைத் திரும்பிப் பார்த்து, "மாமா, காப்பாத்துங்க!" என்று கத்தினாள். அதன் பிறகு கார் பறந்துவிட்டது. நான் தெருமுனைவரை துரத்தினேன், செருப்பு அறுந்தது, அது இப்போதும் அறுந்துதான் இருக்கிறது. பெண் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் இருப்பதாகச் சாயங்காலம் தகவல் வந்தது. அதன் பிறகு அக்கா இங்கே புகார் கொடுத்தாள்.

இதுவரை எழுதியதைக் காவல் ஆய்வாளர் வாங்கிப் படித்தார். பெண்ணிடம் இப்போதைக்கு எதுவும் கேட்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் நேரில் பார்த்த சாட்சி நான் ஒருவன்தான் என்றும், என் சொல் நின்றால் பெஞ்சில் இருப்பவளை உள்ளே வைக்க வேண்டும், பெண்ணை அக்காவோடு வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பி, "கேட்டைத் தூக்கினாத்தான் திறக்கும்னு நீங்களே எழுதியிருக்கீங்க. பின்வாசல் பூட்டு. அப்ப திறந்தது யாரு, பெரியவரே?" என்று கேட்டார்.

நான் தண்ணீர் கேட்டேன். கொடுத்தார்கள். அந்தப் பொண்ணுதான் தூக்கினாள் என்றேன். ஆய்வாளர் அவளை எழுந்து நிற்கச் சொன்னார். ஒரு கையால் ஒரு குடையைத் தூக்கினாலே பெரிய விஷயம், அப்படி ஓர் உடம்பு. "இந்தம்மாவா?" என்றார். அவள் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், எங்கள் வீட்டில் நான் அளந்ததையெல்லாம் எடுத்து வைத்திருக்கலாம். வீட்டில் கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. திட்டுபவர்களைச் சமாளித்துவிடலாம், இப்படிச் சும்மா உட்காருபவர்களை என்ன செய்வது?

ஆகவே அடியிற்கண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். அந்தப் பொண்ணைக் கூப்பிட்டது எங்கள் பெண்தான், தன் போனில். ஆராய்ச்சிப் பொண்ணு கேட்டுக்கு வெளியேதான் நின்றாள், உள்ளே காலே வைக்கவில்லை. நான் இறங்கி வந்தபோது எங்கள் பெண் தலை வாரி, கையில் ஒரு பையோடு உள்பக்கம் நின்று கம்பியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். கேட் அசையவில்லை. என்னைப் பார்த்தாள். நான் அக்காவையும் என் பெட்டியையும் நினைத்துக்கொண்டு படியிலேயே நின்றேன். அதன் பிறகு இறங்கிப் போய்த் தோளைக் கொடுத்துத் தூக்கினேன். அக்கா கேட்டபோது வேறு மாதிரி சொல்லிவிட்டேன், சொன்னதை வளர்த்ததும் நான்தான்.

அக்கா இதைப் படித்ததும் என்னை மாடியிலிருந்து இறக்கிவிடுவாள். இதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன் என்று பதிவு செய்யவும்.

படித்துப் பார்த்தேன், யாரும் மிரட்டவில்லை, நடந்தது நடந்தபடிதான். புலி போல் இறங்கியது, இழுத்துப் போனது, செருப்பு அறுந்தது மூன்றையும் ஆய்வாளர் இஷ்டம்போல் அடித்துக்கொள்ளட்டும். ஆனால் ஒன்றை நானே என் கையால் அடிக்கிறேன். "காப்பாத்துங்க" என்ற வார்த்தை நான் சேர்த்தது. அவள் சொன்னது, "மாமா, கதவைத் திறங்க."

(கையொப்பம்)
ரேடியோ மாமா என்கிற சாட்சி