குழாயைக் கீழ போடுங்க, மேடம்

குழாயைக் கீழ போடுங்க, மேடம். ரோஜாச் செடிக்கு ஊத்துற தண்ணியில இந்த மலைத்தீ அணையவா போகுது? என் மூஞ்சியப் பாக்காதீங்க. நானும் மண்ணக் கொத்திக்கிட்டேதான் பேசுவேன். ஊர்க்காரங்ககிட்ட நாங்க பேசக் கூடாது. அந்தா, வண்டியில சாஞ்சு காப்பி குடிக்கிறாரே, அவருதான் எங்க கேப்டன். என் வாய் அசையறதப் பாத்தார்னா மறுபடியும் கம்பிக்குப் பின்னாடிதான்.

எந்த ஃபயர் ஸ்டேஷனா? கால்சட்டையப் படிங்க. ஆமா, கைதின்னுதான் எழுதியிருக்கு. பயப்படாதீங்க, கார் திருடினவன்தான். ஜெயில்லேர்ந்து தீயணைக்கக் கூட்டியாந்திருக்காங்க; சாப்பாடு, துணி எல்லாம் கலிஃபோர்னியா சர்க்காரு செலவு. எனக்குப் பின்னால புதர வெட்டிக்கிட்டு வர்றானே ஓர்டேகா, அவன் செக் மோசடி. ரொம்ப மரியாதையான ஆளு.

உங்க வேலியில ரெண்டு போர்டு பாத்தேன். தீயணைப்பு வீரர்களுக்கு நன்றின்னு ஒண்ணு. விடுதலையான கைதிங்களுக்கு எங்க தெருவுல விடுதி வேணாம்னு இன்னொண்ணு. ரெண்டும் ஒரே கையெழுத்து, நல்லா இருக்கு. ஐயோ, கோவமெல்லாம் இல்ல மேடம். ரெண்டுல எது பத்திக்கிட்டாலும் நாங்கதானே அணைக்கணும்.

வீடா? வீடு நிக்கும். அதுக்குத்தானே புல்லு பூண்டு விடாம செதுக்கி, வெறும் மண்ணாக் கோடு போடுறோம். காலையில மேட்டுக்கு அந்தப் பக்கம் எதிர்த்தீயும் வச்சாச்சு. முன்னாடியே நாம எரிச்சு விட்டுட்டா, பெரிய தீ வரும்போது அதுக்குத் தின்ன ஒண்ணும் இருக்காது. சொட்டுச் சொட்டா நெருப்பு ஊத்துற கேன் என் கையிலதான் இருந்துச்சு. நல்ல நடத்தைக்காரன்னு நம்பிக் குடுத்தாங்க.

அந்தப் பக்கம் வீடா? கேப்டன் வச்சிருக்கிற வரைபடத்துல இல்ல. ஜனங்க குடியிருக்கிற டிரெய்லர் வண்டிங்கதான். அடியில சக்கரம் இருக்குல்ல, அதனால வீட்டுக் கணக்குல வராது. எல்லாரையும் வெளியேத்திட்டோம்னு சொன்னாங்க. நானும் கேட்டேன். கேக்கிறது உன் வேலை இல்லேன்னாங்க. பத்த வச்சேன்.

நீங்க முகாமுக்குப் போயிருங்க மேடம். பள்ளிக்கூடத்துலதான். கட்டில் இருக்கு, சூப்பு இருக்கு, பூனையக் கூட விடுறாங்களாம்.

கிளம்புறீங்களா? அப்பாடா. போகும்போது அந்த ரெண்டு போர்டையும் பிடுங்கி வண்டியில போட்டுக்கங்க. ஏனா? ஒரு சின்ன உதவி. எங்ககிட்ட போன் கிடையாது. அங்க ஒஃபீலியா பராஹாஸ்னு ஒரு கெழவி வந்திருக்காளான்னு விசாரிங்க. குள்ளமா இருப்பா, தலையில எப்பவும் பச்சைத் தொப்பி. சாயங்காலம் எங்க வண்டி பள்ளிக்கூடத்தத் தாண்டித்தான் போகும். அவ இருந்தா, நன்றி போர்ட வாசல்ல நட்டு வைங்க. இல்லேன்னா இன்னொண்ண வைங்க. நான் ஜன்னல் வழியா பாத்துக்கிறேன்.

யாரா? எங்கம்மாதான். அந்தப் பக்கம் கடைசி டிரெய்லர். கிளம்புன்னா லேசுல கிளம்ப மாட்டா. அவளும் உங்கள மாதிரி குழாயப் புடிச்சிக்கிட்டு நிக்கிற ஆளு.