ஊதி அறுத்த பலகை

மேஜை ஆடக் கூடாது சார். ஸ்க்ரோல் சா மிஷின் வாங்குகிறவர்கள் எல்லாரும் பிளேடைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். மேஜையைப் பாருங்கள் என்பேன் நான். அடியில் ரப்பர் கொடுத்து, போல்ட் போட்டு இறுக்கிவிட்டால், ஓடுகிற மிஷின் மேல் நிறைகுடம் வைத்தாலும் தளும்பாது. ஆனைக்கரையில் என் பட்டறைக்குச் சீல் வைக்கப் போனீர்களே, அப்போது பார்த்திருப்பீர்கள். இத்தனை வருஷத்தில் அந்த மிஷினில் ஒருவருக்கும் விரல் நுனி கீறியதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மிஷின் பழக்கமில்லை என்றால் சொல்கிறேன். பார்க்கத் தையல் மிஷின் மாதிரி இருக்கும். ஊசி இருக்கிற இடத்தில் மெல்லிய ரம்ப பிளேடு ஒன்று மேலும் கீழும் ஓடும். பல் கீழே பார்த்திருக்க வேண்டும். விரலால் சுண்டினால் கணீரென்று கேட்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் மரத்துக்குள் வளைந்து ஒடிந்துபோகும். மரத்தைப் பலமாகத் தள்ளக் கூடாது, கோட்டுக்குத் தக்கபடி திருப்பிக் கொடுத்தால் போதும். தூள் மைதா மாவு மாதிரி வரும். கோட்டை மறைக்காமல் அதை ஊதித் தள்ள மிஷினிலேயே சின்னக் காற்றுக் குழாய் உண்டு. கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க். இவ்வளவுதான் தொழில்.

யானை, தேயிலை, பெயர் வெட்டிய சாவிக்கொத்து, இப்படி டூரிஸ்டுகள் வாங்குகிற சாமான்கள் செய்கிறோம். குமுளியில் கடையைப் பார்த்துக்கொள்வது என் தங்கை மகன் மணிகண்டன். பட்டறையில் அறுத்தவன் லோகேஷ். பக்கத்து எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் குடியிருந்தான். அவன் அம்மா அழகுத்தாய் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவள்.

அவன் வேலை சுத்தம், குறை சொல்ல முடியாது. ஆள்தான் சுத்தமில்லை. பென்சில் கோடு மங்கினால் விரலை நாக்கில் தொட்டுத் தடவுவான். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுப் பிளேடுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய் ஊதுவான். எச்சில் புள்ளி புள்ளியாக மரத்தில் தெறிக்கும். உதட்டோரம் தூளும் எச்சிலும் குழைந்து கூழாக நிற்கும், அதைப் புறங்கையால் வழித்து லுங்கியில் துடைத்துக்கொண்டு, அதே கையால் அடுத்த பலகையை எடுப்பான். எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். அந்த யானையை ஏதோ ஒரு வீட்டுக் குழந்தை வாயில் வைக்கும் இல்லையா? அதனால்தான் அவனுடைய டீ கிளாஸ் தனியாக, பின்பக்கத்து ஜன்னலில் இருந்தது. சாதி கீதி என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அந்தப் பேச்சே எனக்குப் பிடிக்காது, நான் பார்ப்பது சுத்தம் ஒன்றுதான். மணிகண்டன்கூட மூக்கைச் சிந்திக் கடைத் தூணில் தடவுகிறவன்தான். அவனைச் சின்ன வயசிலிருந்து பார்த்துப் பழகிவிட்டது.

என் ஒரே மகள் மோனிஷா. பலகைகளில் படம் ஒட்டிக் கொடுப்பது அவள் வேலை. போன மாசியில் ஒரு நாள் சாப்பாடு பரிமாறிக்கொண்டே சொன்னாள்.

“அப்பா, நான் லோகேஷத்தான் கட்டிக்கப்போறேன். நீங்க சரின்னா கோயில்ல. இல்லைன்னா ரெஜிஸ்டர் ஆபீஸ்ல.”

குரலை உயர்த்தாமல் சொன்னாள், அந்த விஷயத்தில் அவள் என்னைக் கொண்டு பிறந்தவள்.

“கோயில்லயே வச்சிக்கலாம்மா” என்றேன். அவன் அம்மாவோடு முறைப்படி வந்து பெண் கேட்கட்டும் என்றும் சொன்னேன். வந்தார்கள். ஆவணியில் தேதி வைத்தோம். சுருளிவேலுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று ஊரே பேசியது. மணிகண்டன்தான் கொஞ்ச நாள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவன் மனசில் ஒரு கணக்கு இருந்தது, எனக்கும் இருந்ததுதான்.

அதற்குப் பிறகு என் ஏலத்தோட்டத்தில் நின்ற சேரு மரத்தை வெட்டினேன். நிழல் அதிகமாகிவிட்டது, எப்படியும் வெட்ட வேண்டிய மரம். நீங்கள் இந்தப் பக்கத்து ஆள், சேருவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதன் பால் பட்டால் தோல் வெந்து கொப்புளிக்கும். சிலருக்கு ஒன்றும் ஆகாது. சிலருக்கு அடியில் நின்றாலே முகம் ஊதிவிடும். லோகேஷ் இரண்டாவது ரகம். பள்ளிக்கூடம் போகிற வயசில் சேரு அடியில் மழைக்கு ஒதுங்கி, கண் திறக்க முடியாமல் கிடந்ததை அவனே டீ குடிக்கும்போது சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறான். அம்மா அவனைத் தான்றி மரத்துக்குக் கூட்டிப்போனாளாம். சேரு கோபித்தால் தான்றியைச் சுற்றி வந்து, நீ எடுத்துக்கொள் என்று அதனிடம் சொல்ல வேண்டும் என்பது இந்த மலையில் எல்லாரும் செய்கிற வைத்தியம். சுற்றினார்கள், வீக்கம் வடிந்தது. தானாக வடிந்ததா தான்றி வடித்ததா என்று யார் பார்த்தார்கள்?

ஈர மரத்தை அறுக்கக் கூடாது சார், பிளேடு சிக்கும். அதனால் கோடை முழுவதும் பலகையைக் காய வைத்தேன். காய்ந்தாலும் சேருவின் வீரியம் தூளில் இருக்கும். கையுறை, மாஸ்க், முழுக்கைச் சட்டை இல்லாமல் நான் அதன் பக்கத்தில் போனதில்லை. இழைத்து முடித்ததும் மேலும் கீழும் காகிதம் ஒட்டினேன். மரம் என்ன மரம் என்று தெரியாமல் போவதற்குத்தான், ஒத்துக்கொள்கிறேன். மேல் காகிதத்தில் என் கையாலேயே இரண்டு பெயர்களை வரைந்தேன். லோகேஷ், மோனிஷா. கல்யாணத்தன்று மண்டப வாசலில் வைக்கிற பலகை. “ஒங்க பேர நீயே அறுடா” என்று கொடுத்தபோது அவன் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டான்.

மற்ற பலகை என்றால் மள மளவென்று முடித்துவிடுவான். இதை அப்படிச் செய்ய மாட்டான் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு சுழிக்குள்ளும் துளை போட்டு, பிளேடைக் கழற்றி உள்ளே நுழைத்து, மறுபடி மாட்டி அறுக்க வேண்டும். மோனிஷா என்கிற பெயரில் அப்படிப்பட்ட சுழிகள் அதிகம்.

ஆடிச் சாரல். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. மணிகண்டன் போடிக்குச் சரக்கு எடுக்கப் போயிருந்தான், மோனிஷா ஜாக்கெட் தைக்கக் கொடுக்கக் குமுளிக்குப் போயிருந்தாள். இரண்டு பேரையும் அனுப்பியது நான். காற்றுக் குழாய் கிழிந்துபோயிருந்தது என்று முதல் விசாரணையில் சொன்னேன் அல்லவா, அது கிழியவில்லை. கழற்றி என் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன், நல்ல நிலையில் இருக்கிறது.

நான் வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எச்சில் தொட்டுத் தடவினான், ஊதினான், மூச்சை இழுத்தான், மறுபடி ஊதினான். ஒரு தடவை கதவைத் திறந்து, “மாஸ்க்கப் போடுறா” என்றும் சொன்னேன். என் கடமையை நான் செய்யாமல் விடவில்லை.

“பரவால்ல மொதலாளி. அது போட்டா கண்ணாடியில ஆவி அடிக்கி. மோனிஷா பேரு, கோணிறக் கூடாது” என்றான்.

மதியத்துக்குள் உதடு தடித்தது. கண் இடுங்கியது. மூச்சில் விசில் கேட்டது. யாரோ சொல்லி அழகுத்தாய் தோட்டத்திலிருந்து ஓடி வந்தாள்.

“அய்யா, கட்டப்பனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவோம்யா. மூச்சு இழுக்கி பாருங்க.”

“ஏ அழகுத்தா, இது சேரு. ஊசி போட்டா உள்ள எறங்கிரும். தான்றியச் சுத்துனாத்தான் வடியும். ஏறு ஜீப்புல.”

அவள் நம்பினாள். ஏற்கெனவே ஒரு தடவை கைகண்ட வைத்தியம் இல்லையா? கட்டப்பனைக்குப் போகிற ரோட்டை விட்டு, தான்றி நிற்கிற செல்லார்கோவில் பக்கம் வண்டியைத் திருப்பினேன். வாந்தி எடுப்பான் என்று பின் சீட்டில் தார்ப்பாய் முன்னாலேயே விரித்திருந்தேன். அங்கே போனதும் அம்மாவின் தோளில் சாய்ந்து, ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டே சுற்றினான். “எடுத்துக்கோ, எம் பிள்ளைக்கு வந்தத நீ எடுத்துக்கோ” என்று அவள் மரத்திடம் சொல்லிக்கொண்டே வந்தாள். எச்சில் ஒழுகி அவள் சேலை நனைந்தது. நான் தள்ளி நின்றேன், எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவன் விழுந்த பிறகு கட்டப்பனைக்கு வேகமாகவே ஓட்டினேன். வழியிலேயே முடிந்துவிட்டது.

என் தப்பு எங்கே என்று எனக்குத் தெரியும். ஒரு வாரம் கழித்து அழகுத்தாய் பட்டறை வாசலுக்கு வந்தாள். அழவில்லை. மோனிஷாவும் அங்கே இருந்தாள்.

“அய்யா, பட்டறையில தேக்கும் சில்வர் ஓக்கும்தான அறுக்கீய. எம் மவன் எந்தச் சேருவத் தொட்டான்? பாத்த ஒடன சேருன்னு சொன்னீயளே, ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

வீங்கினதைப் பார்த்தால் தெரியாதா என்றேன். மோனிஷா என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், பாதி அறுத்த பலகையை எடுத்து, ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் உரித்தாள். வெறும் கையால் உரித்தாள். உங்களிடம் அதைக் கொண்டுவந்து கொடுத்தபோது அவள் விரல்கள் கொப்புளித்திருந்தன என்று சொன்னீர்கள். அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள் சார், தான்றி எல்லாம் வேண்டாம்.

கொஞ்சம் எச்சிலுக்காகவா ஒரு உயிர் என்று கேட்கிறீர்கள். உங்களுக்கு அந்த அருவருப்பு புரியாது. எந்த நாளில் அது பொறுக்க முடியாமல் போனது என்றும் கேட்டீர்கள். நேற்று இரவு முழுவதும் அதைத்தான் யோசித்தேன், பட்டறையில் கழிந்த ஒவ்வொரு நாளாக எடுத்துப் பார்த்தேன், அந்த நாட்களில் ஒன்றுகூட அது இல்லை.

பெண் கேட்டு வந்த ஞாயிற்றுக்கிழமைதான். குளித்து, தலை வாரி, சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். உடம்பில் ஒரு பொட்டுத் தூள் இல்லை. என் வீட்டு முன் அறையில், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, முதல் தடவையாக என்னை மாமா என்று கூப்பிட்டான். நான் கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தேன்.