என் தங்கை பிடுங்கிய பிளக்

அருளுரை ஆற்றி அமர்ந்திருக்கும் அன்பிற்குரிய ஆயர் அவர்களே, அவையை அடக்கி ஆளும் தலைவர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் முத்தாய் ஒளிரும் மூத்தோர்களே, மடியில் மழலையும் மனத்தில் பொறுமையும் சுமக்கும் தாய்மார்களே, மனைவி சொன்ன ஒரே காரணத்துக்காக வந்திருக்கும் மாண்புமிகு கணவன்மார்களே! அனைவருக்கும் என் வணக்கமும் ஸ்தோத்திரமும்.

மன்னிப்பைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தம்மைச் சிலுவையில் அறைந்தவர்களையே மன்னித்தார் நம் ஆண்டவர். நாமும் மன்னிக்கிறோம். யாரை? எங்கோ இருக்கும் எவரையோ! ஆராதனை முடிந்து வெளியே வந்தால், நம் வண்டிக்குக் குறுக்கே வண்டியை நிறுத்தியவனை மன்னிக்கிறோமா? ஈரத் துண்டை மெத்தையில் போட்ட கணவனை மன்னிக்கிறோமா? அதோ, ஒரு அம்மா பக்கத்தில் இருப்பவரை இடிக்கிறார். விடுங்கள் அம்மா, அவர் துண்டு எங்கே கிடக்கிறது என்று நான் கேட்கவில்லை.

இன்னொரு வகை உண்டு. ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டு மன்னிப்பது! அதில் கைதேர்ந்தவள் என் உடன்பிறந்த தங்கை. அவளுடைய மருமகள், வீட்டிலேயே கேக் செய்து விற்பவள். கை சுறுசுறுப்பு, வாய் சுருக்கம். மருமகள் ஏதாவது தவறு செய்துவிட்டால் என் தங்கை திட்டமாட்டாள். வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம்வரை காத்திருப்பாள். அக்கம்பக்கத்தார் வந்து அமர்ந்ததும் கண்ணை மூடி, கையைக் கூப்பி, "ஆண்டவரே, என் மருமகளை மன்னிச்சிட்டேன். அவ என்ன செஞ்சான்னு உமக்கே தெரியும்" என்று தொடங்குவாள். ஆண்டவருக்குத் தெரியும், அடுத்த வீட்டுக்குத் தெரியவேண்டாமா? கிழமை, நேரம், சாட்சி எல்லாம் சொல்லிவிட்டுத்தான் ஆமென்!

என்ன தவறு என்றா கேட்கிறீர்கள்? அடடா, இதுவரை சாய்ந்திருந்த பின்வரிசைகூட நிமிர்ந்துவிட்டதே! சொல்லமாட்டேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

வாராவாரம் மன்னிக்கப்பட்டு மன்னிக்கப்பட்டு அந்தப் பெண் நொந்துபோனாள். திட்டினால் திருப்பிப் பேசலாம்; ஜெபத்தை எதிர்த்து என்ன பேசுவது? தனிவீடு போகலாம் என்று கணவனிடம் சொன்னாள். அவனும் வீடு பார்த்துவிட்டான். அட்டைப்பெட்டிகள் கூடத்துக்கு வந்துவிட்டன. என் தங்கை எனக்குப் போன் செய்து, ஒரே பிள்ளை போகிறானே என்று அழுதாள். எனக்கும் மனசு கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மருமகள் மறுநாள் கல்யாணத்துக்கு மூன்றடுக்குக் கேக் செய்து, கிரீம் பூசி, ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தாள். கொளுத்தும் வெயில். என் தங்கை போனில் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தாள். தலைப்பு என்ன தெரியுமா? மன்னிப்பு! பாதியில் சார்ஜ் தீர, கைக்கு எட்டிய பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சார்ஜரைச் செருகினாள். பிரசங்கம் கேட்டால் சிலருக்கு என்ன ஆகும் என்று ஆயருக்குத் தெரியும். கண்ணயர்ந்துவிட்டாள். பிடுங்கியது ஃபிரிட்ஜின் பிளக். விழித்தபோது கிரீம் உருகி, மேலடுக்கு சரிந்து கிடந்தது.

மருமகள் வந்தாள். கேக்கைப் பார்த்தாள், சார்ஜரைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள். கண் கலங்கியது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து முட்டைகளை எடுத்து வைத்தாள். "அத்தை, நீங்க இதை அடிச்சுக் குடுங்க. நான் ஓவனைச் சூடாக்குறேன்" என்றாள். இருட்டுவதற்குள் புதுக் கேக் தயாராகிவிட்டது.

அன்றைய கூட்டத்தில் முடிவு ஜெபம் செய்யும் முறை யாருடையது? மருமகளுடையது! என் தங்கை, தான் இத்தனை நாளும் செய்ததை இவள் இன்று திருப்பிச் செய்வாள் என்று தலைகுனிந்து காத்திருந்தாள். மருமகள் ஜெபித்தாள்: "ஆண்டவரே, நாளைக்குக் கல்யாணம் ஆகப்போறவங்களை ஆசீர்வதியும். அவங்க கேக்குக்கு எங்க அத்தை கை வலிக்க வலிக்க முட்டை அடிச்சுக் குடுத்தாங்க. அந்தக் கைக்குச் சுகம் தாரும். ஆமென்."

அவ்வளவுதான்! பிளக் எங்கே? சார்ஜர் எங்கே? சரிந்த கேக் எங்கே? எங்குமே இல்லை! என் அன்பிற்குரியவர்களே, மன்னித்தேன் மன்னித்தேன் என்று முரசு அறைவதா கிருபை? தவறியவரைத் தள்ளி நிறுத்துவதா கிருபை? தவறிய கையையே தன் வேலைக்குத் துணையாய்ச் சேர்த்துக்கொண்டாளே, அதுவல்லவா கிருபை! தகுதி பாராமல் நமக்குத் தரப்பட்டது அதுவல்லவா!

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். என் தங்கை எழுந்து, ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிக் கேக்கைக் கெடுத்தது தான்தான் என்று அத்தனை பேர் முன்னிலையிலும் சொன்னாள். மருமகள் பக்கம் திரும்பி, "நீ போகணும்னா போம்மா. ஆனா என் ஜெபத்துக்குப் பயந்து மட்டும் போகாத" என்றாள்.

மறுநாள் அட்டைப்பெட்டிகளில் பெரியதொன்றில் கேக் கல்யாணத்துக்குப் போனது. மற்றவற்றை மருமகள் மடித்துப் பரண்மேல் போட்டுவைத்தாள். குப்பையில் போடவில்லை, கெட்டிக்காரப் பெண்!

இதை மேடையில் சொல்லட்டுமா என்று தங்கையிடம் கேட்டேன். "என்னைப் பத்தி என்ன வேணா சொல்லு அண்ணா. அவ செஞ்சதுன்னு மட்டும் ஒண்ணும் சொல்லிடாத. எனக்கே எதுவும் ஞாபகம் இல்ல" என்றாள். ஞாபகம் இல்லையாம்! சின்ன வயதில் நான் உடைத்த பொம்மையைப் போன மாதம்வரை சொல்லிக்காட்டியவளுக்கு, ஞாபகம் இல்லையாம்!

வீட்டுக்குப் போங்கள். ஈரத் துண்டு மெத்தையில்தான் கிடக்கும். எடுத்துக் கொடியில் போடுங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள். வாய்ப்பளித்த சங்கத்தாருக்கும், பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. கொடுத்த நேரத்தைத் தாண்டிப் பேசிய என்னை மன்னித்துவிடுங்கள், சத்தமில்லாமல். வணக்கம்!