ஹேமாங்கினி பென் ஒப்பாத கருப்புச் சாயம்

மேடையில் வீற்றிருக்கும் நம் ஆலை முதலாளி சேட் பிபின்சந்திர பாய் அவர்களே, சூரத் சாயத் தொழில் சங்கத்துப் பெரியோர்களே, மனைவியைப் பறிகொடுத்துவிட்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் நீலேஷ் பாய் அவர்களே, என் ஆலைத் தோழர்களே!

நம்ப முடிகிறதா உங்களால்? செவ்வாய்க்கிழமை காலை, பலகாரத்துக்கு வாங்கிய லோச்சோத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "சுரேந்திர பாய், சாயப்பட்டறைத் தலைவர்னு பேரு, உங்க சட்டையிலயே மூணு கலரு!" என்று என்னைக் கேலி செய்தார் நம் ஆலையின் வேதியியல் ஆய்வாளர் டாக்டர் ஹேமாங்கினி பென். அடுத்த வாய் எடுக்கவில்லை. சரிந்துவிட்டார். மாரடைப்பாம்! காய்ச்சல் என்று ஒரு நாளும் படுக்காத பெண்மணிக்கு மாரடைப்பாம்!

பாலியஸ்டர் சாயம் தண்ணீரில் கரையாது. மாவாக அரைத்து மிதக்க விடுகிறோம். கொஞ்சம் அசந்தால் துகள்கள் ஒட்டிக்கொண்டு டிரம்மின் அடியில் களியாகும், சேலையில் புள்ளி விழும். அந்தத் துகள்களை ஒட்டவிடாமல் பிரித்து நிறுத்தும் பாலிமரை ஆக்கியவர் யார்? நம் ஹேமாங்கினி பென்! சிவப்பை மிதக்க வைத்தவர் யார்? நீலத்தை மிதக்க வைத்தவர் யார்? அவரேதான்! வாங்க வருபவர்கள் மேலே மொண்டு பார்த்துத் தலையாட்டுவார்கள். அவர் விடமாட்டார். "மேல எல்லாம் நல்லாத்தான் இருக்கும். அடியில குச்சி விட்டுப் பாருங்க" என்பார். தன் சரக்கைத் தானே சோதிக்கச் சொல்லும் ஆளை எங்கே பார்த்திருக்கிறீர்கள்?

சற்று முன் சேட் பேசினார். புதிய கருப்புச் சாயம் 'ஹேமாங்கினி' என்ற பெயரில் திங்கட்கிழமை சந்தைக்கு வருகிறது என்றார். லேபிள் ஒட்டிய டப்பா ஹேமாங்கினி பென் படத்துக்குக் கீழே மாலையோடு இருக்கிறது. நீங்களும் கைதட்டினீர்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது! சாவதற்கு முதல் நாள் சாயங்காலம் அவர் என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "சூட்டுல வச்சா கருப்பு மட்டும் அடியில உக்காந்துடுது பாய். பாலிமரை மாத்தணும். இப்பவே வித்தா, வாங்கினவன் என்னையில்ல திட்டுவான்!"

என்ன சேட், லேபிள் அடித்தாகிவிட்டதா? அடித்தால் என்ன? இதோ, ஓர் ஊதுவத்திக் குச்சி. மன்னிக்க வேண்டும் நீலேஷ் பாய், இந்த மாலையைக் கொஞ்சம் விலக்குகிறேன். கிடங்குச் சூட்டில் கிடந்த டப்பா இது. மூடியைத் திறந்துவிட்டேன். மேலே பாருங்கள், மை மாதிரி இருக்கிறது. இப்போது அடிவரைக்கும் விடுகிறேன்.

பார்த்தீர்களா? நுனியில் களி! ஐயோ, இதன் மேலா அவர் பெயர்!

நீலேஷ் பாய் ஏதோ சொல்கிறார். அமைதி, அமைதி! "அவ பேரை அதுலருந்து எடுத்துடுங்க சேட்" என்கிறார். கேட்டீர்களா?

சேட் எழுந்து வருகிறார். தன் கையாலேயே லேபிளைக் கிழிக்கிறார். பெரிய மனது சேட் உங்களுக்கு.

தோழர்களே, எல்லோரும் எழுந்து நில்லுங்கள். நாளைக் காலை ஆய்வறையைத் திறக்கிறோம். பாலிமரை மாற்றி மாற்றிப் பார்க்கிறோம். ஒரு கோடை முழுக்கக் கருப்பு மிதந்து நின்ற பிறகு, டப்பாவை நீலேஷ் பாய் வீட்டுக்கு எடுத்துப் போவோம். பெயர் வைப்பதா வேண்டாமா என்று அவர் சொல்லட்டும்.