நடக்கிற புள்ளி

— இந்தப் பச்சைப் புள்ளியா அப்பா?

— ஆமாக்கா. இப்ப ஜன்னல் பக்கம் போறார் பாரு... இதோ, திரும்பி வர்றார்.

— நல்லா இருக்கார். கொஞ்சம் இளைச்சுட்டார் போல.

— கிண்டல் பண்ணாத. எட்டு மாசம் மண்டையை உடைச்சுக்கிட்டு செஞ்சது.

— எட்டு மாசமா... பஸ் ஏறியிருந்தா அதுக்குள்ள அவரை அம்பது தடவை பாத்திருக்கலாம்.

— ஆரம்பிச்சிட்டியா. கேமரா வைக்கவான்னுதான் முதல்ல கேட்டேன். நான் துணி மாத்தறதையும் உக்காந்து பாப்பியாடான்னு கத்தினார். இது ரேடார். முகம் தெரியாது, ஒண்ணும் தெரியாது. ஆள் அறைல எங்க இருக்கார்னு மட்டும் போனுக்கு வரும்.

— முகத்தைப் பாக்காமலே பாத்துக்கலாம்.

— அதேதான்... ஏய், நீ குத்தறியா?

— சேச்சே. எவ்வளவு ஆச்சு?

— சென்சாரும் அந்தக் குட்டி போர்டும் சேத்து ஒரு ஜோடி செருப்பு விலைதான்.

— பரவாயில்ல. பெத்தவருக்குச் செய்யற கடமையை மலிவா முடிச்சுட்ட.

— விலை கம்மின்னா மட்டமா? நான் எது செஞ்சாலும் உனக்கு...

— சரி, சரி. எப்படி இருக்கார்னு சொல்லு.

— ஒரு வாரமா ரொம்ப நல்லா நடக்கறார்க்கா. டாக்டர் பேச்சை இப்பதான் கேக்க ஆரம்பிச்சிருக்கார்.

— எவ்வளவு தூரம்?

— அங்க ரெண்டடி, இங்க ரெண்டடி. அறையே அவ்வளவுதானே.

— உக்காரவே மாட்டாரா?

— சுறுசுறுப்பா ஆயிட்டார்.

— தூங்கறதும் இல்ல?

— வயசானா தூக்கம் குறையும்க்கா.

— சாப்பிடறாரா?

— சமையலறைல சென்சார் வைக்கலையே.

— குளியலறை?

— வாசல் வரைக்கும் தெரியும். உள்ள போனா தெரியாது.

— வாசல் வரைக்கும்... ம். போன் பண்ணிப் பேசினியா?

— எதுக்கு? அதான் புள்ளி தெரியுதே. போன் பண்ணா அரை மணி நேரம் முழங்கால் வலியைச் சொல்லுவார்.

— புள்ளிக்கு முழங்கால் கிடையாது. வசதிதான்.

— அக்கா...

— கோவிச்சுக்காத. தெரிஞ்சுக்கக் கேக்கறேன். ஒரு ஆளைத்தான் காட்டுமா?

— மூணு பேர் வரைக்கும் காட்டும். வச்ச புதுசுல ரெண்டு புள்ளி வந்துச்சு. அப்பா தனியாத்தானே இருக்கார்... அதனால ஒண்ணைத்தான் காட்டணும்னு புரோகிராமை மாத்தி எழுதிட்டேன்.

— இன்னொண்ணு யாருன்னு பாக்கல?

— யாரும் இல்லக்கா. வெறும் கோளாறு. இந்த விலைல வாங்கினா அப்படித்தான் வரும்.

— கோளாறு இல்லடா. ஃபேன்.

— என்ன?

— கட்டில் பக்கத்துல தலையை ஆட்டிக்கிட்டே இருக்குமே, அப்பாவோட டேபிள் ஃபேன். ஜன்னல் பக்கம் ஒரு தடவை, இந்தப் பக்கம் ஒரு தடவை. ஒன்பது நாளா நீ அதைத்தான் பாத்துக்கற.

— அப்ப... அப்பா எங்க?

— என் வீட்டுல. இடுப்பு எலும்பு முறிஞ்சு ஆபரேஷன் ஆச்சு. நேத்துதான் ஆஸ்பத்திரிலேர்ந்து கூட்டிட்டு வந்தேன்.

— ஒன்பது நாளாவா? எங்கிட்ட ஒரு வார்த்தை...

— விழுந்த மறுநாள் அவர் துணி எடுக்கப் போனேன். உன் பெட்டி சுவத்துல கண்ணைச் சிமிட்டிக்கிட்டு இருந்துச்சு. அவசரத்துல யாரும் ஃபேனை அணைக்கல. அணைக்கத்தான் போனேன்... அப்புறம் ஓடட்டும்னு விட்டுட்டேன். என் தம்பி எத்தனை நாள்ல கேக்கறான்னு பாக்கலாம்னு. நீ கேக்கவே இல்ல. வெக்கம் கெட்டுப் போய் நானே வந்திருக்கேன்.

— எங்க... எங்க விழுந்தார்?

— குளியலறை வாசல்ல. பிளாஸ்டிக் மக்கால தரையைத் தட்டியிருக்கார். கீழ்வீட்டுத் தையல்காரர் சாப்பிடறதுக்கு மிஷினை நிறுத்தினப்பதான் சத்தம் கேட்டிருக்கு. அப்ப மணி ஒண்ணு.

— ஞாயித்துக்கிழமையா?

— ஆமா. எவ்வளவு நேரம் கிடந்தார்னு டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். அப்பாவுக்குச் சொல்லத் தெரியல, மயக்கம் வந்து வந்து போயிருக்கு. எனக்கு அதுதான்டா மனசு ஆறல. அஞ்சு நிமிஷமோ, அஞ்சு மணி நேரமோ... யாருக்கும் தெரியாது.

— ஞாயித்துக்கிழமை காலைல...

— என்னடா முணுமுணுக்கற? ரேடார்கிட்ட கேட்டுச் சொல்லேன்.

— பத்து இருபதுக்கு விழுந்தார்க்கா. புள்ளி குளியலறை வாசல்ல வந்து நின்னுடுச்சு. முக்கால் மணி நேரம் அசையவே இல்ல... நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். போர்டு ஹேங் ஆயிடுச்சுன்னு நினைச்சு, இங்கேருந்தே அணைச்சுத் திரும்பப் போட்டேன். மறுபடி வந்ததும் புள்ளி நடக்க ஆரம்பிச்சுது. சரி பண்ணிட்டேன்னு... எனக்குச் சந்தோஷமா இருந்துச்சுக்கா.